கேளுங்க, சொல்றேன்: பரண்ல இருந்து இறங்கின டப்பா

போன இதழ்ல ஓரமா ரெண்டே ரெண்டு வரி போட்டிருந்தேன், பயோனிக்கிள் பொம்மைகளை வச்சு ரசிகர்கள் சேர்ந்து நடத்துற ஒரு ஃபேன் ஃபிக்‌ஷன் போட்டிக்கு, அதாவது பிடிச்ச கதையோட ஆளுங்களை வச்சு ரசிகர்களே புதுசா கதை எழுதுற போட்டிக்கு, நானும் ஒரு நடுவர், 1,500 வார்த்தைக்குள்ள கதை எழுதணும், மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்குன்னு. அவ்வளவுதான். இந்தப் பகுதிக்கு வழக்கமா மாமியார் பிரச்சனையும் தூக்கம் வராத பிரச்சனையும்தான் வரும், இந்த தடவை தபாலை பிரிச்சா பாதிக்கு மேல பொம்மை. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே ஓடட்டும், மாமியார்கள் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

பயோனிக்கிள்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: துண்டு துண்டா சேர்த்துக் கட்டுற பொம்மைகளை விக்கிற லெகோ கம்பெனி 2001-ல கொண்டு வந்த வரிசை. இதுல கட்டி முடிச்சா வீடோ காரோ வராது, முகமூடி போட்ட, மூட்டுக்கு மூட்டு ஆட்டி வைக்கலாம்ங்கற ஒரு வீரன் வருவான். டோவான்னு பேரு. உருளையா ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல வருவாங்க. முதல் வருஷம் ஆறு பேரு, தஹு நெருப்பு, காலி தண்ணி, கோபாக்கா பனி, லேவா காத்து, ஒனுவா மண்ணு, போஹாட்டு கல்லு. வரிசையோட பேரே பயாலஜிக்கலையும் க்ரானிக்கிளையும் ஒட்டி வச்சதுதான். 2010-ல நிறுத்தினாங்க, 2015-ல தூசி தட்டி மறுபடி கொண்டு வந்தாங்க, 2016-லயே மூடிட்டாங்க.

கே: அக்கா, எனக்கு அந்த பொம்மைன்னா உயிர், ஆனா கதை முழுசா தெரியாது. பத்து வருஷம் ஓடுன கதை, காமிக்ஸ் தனி, புத்தகம் தனி, படம் தனி, எத்தனை பாத்திரம்னு எண்ணவே முடியல. எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டுத்தான் எழுதணுமா? அதுக்குள்ள மாசம் முடிஞ்சிடும் போல. – முகமூடி தொலைச்சவன்

ப: வேண்டாம் தம்பி. சொல்லப்போனா எல்லாத்தையும் படிச்சுட்டு வந்தவங்க அனுப்புன கதைகள்தான் என்னை அதிகமா கொட்டாவி விட வைக்குது. நேத்து ராத்திரி ஒண்ணு படிச்சேன், முதல் பத்தியில மட்டும் பதினோரு பேரு, நாலு ஊரு, மூணு முகமூடி, அதுல ஒண்ணுக்கு முன்னாடி இருந்த பேரு, இப்ப இருக்கிற பேரு. எல்லாம் சரியாதான் இருக்கு, ஒரு எழுத்து தப்பில்ல, ஆனா யாரும் இன்னும் ஒரு அடி கூட நடக்கல. ரேஷன் கார்டுல பேரு சேர்க்கிற மாதிரி இருந்துச்சு.

இந்தக் கதை எப்படி ஆரம்பிக்குதுன்னு யோசிச்சு பாருங்க. மாட்டா நூயின்னு ஒரு தீவு, கரையில ஆறு டப்பா வந்து ஒதுங்குது, உள்ள இருந்து ஆறு பேரு வெளிய வர்றாங்க, தான் யாரு எங்க இருந்து வந்தோம்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. கையில பொம்மை டப்பாவை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற பையனுக்கு என்ன தெரியுமோ அதேதான் அந்த டோவாவுக்கும் தெரியும். டப்பாவை திறக்கிறதே கதையோட முதல் சீன். இதை யோசிச்சவன் கெட்டிக்காரன்.

அந்த டப்பாவுக்கு பின்னாடி ஒரு விஷயம் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. இந்த வரிசையை உருவாக்குனவங்கள்ல ஒருத்தர் கிறிஸ்டியன் ஃபேபர், விளம்பரக் கம்பெனியில வேலை பார்த்த ஓவியர். அவருக்கு மூளையில ஒரு கட்டி, புற்று இல்லாத கட்டி, அதுக்கு மருந்து எடுத்துக்கிட்டே இருந்தார். உடம்புக்குள்ள போய் சண்டை போட்டு சரி பண்ற குட்டி வீரர்களை அனுப்புற மாதிரி அந்த மருந்தை நினைச்சு பார்த்திருக்கார், அங்க இருந்து வந்ததுதான் கேப்சூல் மாதிரி டப்பாவுக்குள்ள வீரர்கள்ங்கற ஐடியா. 2008-ல கதையில ஒரு குண்டு போட்டாங்க பாருங்க, மாட்டா நூயி வெறும் தீவோட பேரு இல்ல, ஒரு பிரம்மாண்டமான ரோபோ, அவன் படுத்து தூங்குறான், அவன் முகத்து மேலதான் தீவே இருக்கு, இத்தனை வருஷமா எல்லாரும் ஒரு உடம்பு மேலயும் அதுக்குள்ளயும்தான் ஓடிக்கிட்டு இருந்திருக்காங்க. ஏழு வருஷம் அதை வெளிய விடாம வச்சிருந்திருக்காங்க. அந்த ஏழு வருஷமும் பசங்க சும்மாவா இருந்தாங்க, அவங்கவங்க ஒரு காரணம் கண்டுபிடிச்சு, அதை வச்சு விளையாடிக்கிட்டுதான் இருந்தாங்க.

என் கதையையே சொல்றேனே. என்கிட்ட இருந்தது ஒரே ஒரு டோவா, கருப்பு ஒனுவா, பெரியம்மா பையன் வளர்ந்துட்டான்னு எனக்கு வந்தது. மீதி அஞ்சு பேரு கிடையாது. அதனால தஹு வந்து ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா, கோபாக்கா வெள்ளை மூடி போட்ட பவுடர் டப்பா, எதிரி மகூட்டா யாருன்னா அப்பாவோட ஸ்டேப்ளர், ஏன்னா அதுக்குத்தான் வாய் இருந்துச்சு. ஒனுவா பேசவே மாட்டான், ஏன்னா அவனோட ஆளுங்க யாரும் வரல, அவன் காத்துக்கிட்டு இருக்கான். அப்ப எனக்கு ஃபேன் ஃபிக்‌ஷன்ங்கற வார்த்தையே தெரியாது. நீங்களும் கட்டாயம் இப்படி ஒண்ணு பண்ணியிருப்பீங்க, அதை எழுதி அனுப்புங்க. முகமூடி தொலைச்சவன்னு பேரு போட்டிருக்கீங்களே, எப்படி தொலைஞ்சுது, அது இல்லாம அந்த ஆளு எப்படி சண்டை போட்டான்? அதுலயே 1,500 வார்த்தை இருக்கு. கதைப்படி முகமூடி கழண்டா டோவாவுக்கு பலம் குறைஞ்சு போயிடும், இந்த ஒரு விதி தெரிஞ்சா உங்களுக்கு போதும்.

கே: மேடம், என் வீட்டுக்காரருக்கு 34 வயசு. போன வாரம் பரண்ல இருந்து ஒரு டப்பாவை இறக்குனார், அன்னையில இருந்து ராத்திரி ஆனா ஹால்ல தரையில உக்காந்து பொம்மையை வரிசையா வச்சுக்கிட்டு லேப்டாப்ல எழுதிக்கிட்டே இருக்கார். நேத்து ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி "இந்த முகமூடிக்கு என்ன சக்தி தெரியுமா"ன்னு கேக்குறார். இது நார்மல்தானா? – பெயர் வேண்டாம்

ப: அம்மா, முதல்ல அந்த முகமூடி என்ன கலர்னு சொல்லுங்க, நீலமா இருந்து கண்ணாடி மாதிரி தெரிஞ்சா கௌகாவ், தண்ணிக்குள்ள மூச்சு விடுற சக்தி. இனிமே அவர் எழுப்புனா பட்டுன்னு சொல்லிட்டு தூங்கிடலாம்.

நார்மலான்னு கேட்டீங்க. பழசை நினைச்சு ஏங்குறதை நாஸ்டால்ஜியான்னு சொல்றோமே, அந்த வார்த்தையே ஒரு வியாதிப் பேரா பொறந்ததுதான். 1688-ல யோஹான்னஸ் ஹோஃபர்ங்கற சுவிஸ் மருத்துவ மாணவர் தன்னோட ஆய்வுக்கட்டுரையில வச்ச பேரு, கிரேக்கத்துல வீடு திரும்புறதுக்கு ஒரு சொல், வலிக்கு ஒரு சொல், ரெண்டையும் சேர்த்தது. ஊரை விட்டு தூரமா போனவங்க சாப்பாடு இறங்காம தூக்கம் வராம இளைச்சு போறதை பார்த்து எழுதுனார், ஊருக்கே திருப்பி அனுப்புறதுதான் பெரிய மருந்துன்னார். இப்ப யாரும் அதை வியாதின்னு சொல்றதில்ல, மனோதத்துவ ஆராய்ச்சிக்காரங்க அது மனசுக்கு ஒரு பிடிமானம் குடுக்குதுன்னே சொல்றாங்க. உங்க வீட்டுக்காரர் சும்மா உக்காந்து பெருமூச்சு விடல பாருங்க, எழுதுறார், ஒரு வேலை நடக்குது. ஆபீசுக்கு ஒழுங்கா போறார், பேசுனா பதில் சொல்றார்னா விட்டுடுங்க. ஆனா தேதிக்குள்ள அனுப்ப சொல்லுங்க, கடைசி நாள் ராத்திரி பதினொன்னரைக்கு அனுப்பிட்டு ஃபைல் ஓப்பன் ஆகலன்னு போன் பண்ற கூட்டத்துல அவரும் சேர வேண்டாம்.

இன்னொண்ணு, எழுதுனதை உங்களுக்கு படிச்சு காட்ட சொல்லுங்க. இந்த பொம்மையை பத்தி ஒண்ணும் தெரியாத ஒருத்தருக்கு புரியுதான்னு பார்க்கிறதுக்கு உங்களை விட நல்ல ஆள் அவருக்கு கிடைக்க மாட்டாங்க. எங்க உங்களுக்கு தூக்கம் வருதோ அங்க ஒரு கோடு போட சொல்லுங்க.

கே: என் கதையில ஏழாவதா ஒரு டோவா வர்றான். பேரு என் பேருதான், கொஞ்சம் மாத்தி வச்சிருக்கேன். ஆறு பேரோட சக்தியும் இவனுக்கு உண்டு, எல்லாரும் இவன்கிட்ட வந்துதான் யோசனை கேட்பாங்க. எப்படி இருக்கு? – வருங்கால சாம்பியன்

ப: உண்மையை சொல்லவா? இதுக்கு ஃபேன் ஃபிக்‌ஷன் உலகத்துல ஒரு பேரே இருக்கு, மேரி சூ. 1973-ல பாலா ஸ்மித்துங்கற, ஸ்டார் ட்ரெக்ங்கற விண்வெளிக் கப்பல் டிவி தொடரோட ரசிகை, மத்த ரசிகர்கள் எழுதுற கதைகளை கிண்டல் பண்ணி ஒரு குட்டி கதை எழுதுனாங்க, பதினஞ்சரை வயசு பொண்ணு, கப்பல் படையிலயே சின்ன வயசு லெப்டினன்ட், தொட்டதெல்லாம் ஜெயம், எல்லாரும் அவ காலடியில. அந்த பொண்ணோட பேருதான் மேரி சூ. அம்பது வருஷம் ஆச்சு, இன்னும் அந்த பேரு போகல, உங்களை மாதிரி ஆளுங்க போக விட மாட்டேங்குறீங்க.

இதுல வேடிக்கை என்னன்னா ஏழாவது டோவா ஏற்கனவே வந்தாச்சு. 2003-ல, டக்கானுவா, ஒளியோட டோவா. ஆனா அவன் எப்படி வந்தான்? டக்குவான்னு ஒரு சாதாரண கிராமத்து ஆளு, ஒரு இடத்துல நிக்காம சுத்திக்கிட்டே இருப்பான், அடுத்தவங்க கதையை எழுதி வைக்கிறதுதான் அவனுக்கு குடுத்த வேலை, தலையில பொறுப்பை தூக்கி வச்சா நழுவப் பார்ப்பான். அவன் டோவா ஆகுறதுக்கு ஒரு படம் முழுக்க ஆச்சு, அதுக்கு நடுவுல உயிர் நண்பனை இழந்தான். உங்க ஆளுக்கு என்ன செலவாச்சு? அந்த ஆறு சக்தியில அஞ்சை பிடுங்கிட்டு, மிச்சம் இருக்கிறதையும் பாதி நேரம் வேலை செய்யாம வச்சு மறுபடி எழுதி பாருங்க, ஒருவேளை சாம்பியன் ஆகலாம்.

கே: ஆறு பேர்ல ஒரே ஒரு பெண், அதுவும் பேரு காலி! இதை வச்சு எழுதினா பெண்ணியக் கதைன்னு ஒதுக்கிடுவீங்களா? – இரண்டாம் வருட மாணவி

ப: தமிழ்ல பேரு அப்படி அமைஞ்சு போச்சு, என்ன பண்றது. தீவுல ஒவ்வொரு டோவாவுக்கும் ஒரு கிராமம், அதுல தண்ணி கிராமத்துல எல்லாரும் பெண்கள், மத்த அஞ்சு கிராமத்துலயும் ஆண்கள், அப்படி ஒரு கணக்கு வச்சிருந்தாங்க, பசங்களுக்கு விக்கிற பொம்மைன்னு முடிவு பண்ணிட்டு போட்ட கணக்கு. ஒதுக்க மாட்டேன், தாராளமா எழுதுங்க. இதுவரை வந்ததுல காலி ஒண்ணு காயத்துக்கு கட்டு போடுறா, இல்லன்னா தஹு மேல காதல் வயப்படுறா. இத்தனைக்கும் கதையோட பெரும்பகுதியை எழுதுன க்ரெக் ஃபார்ஷ்டி இந்த உலகத்துல காதல்ங்கறதே கிடையாதுன்னு ரசிகர்கள் கேட்கும்போதெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தார், ரசிகர்கள் கேட்டாத்தானே. அவ கையில கொக்கி இருக்கு, கடலுக்கு அடியில தனியா போய்ட்டு வர்ற ஆளு. அவ கீழ போய் என்ன பார்த்தா, மேல வந்து அஞ்சு பேர்கிட்ட எதை சொல்லாம விட்டாங்கறதை யாராவது எழுதுவாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கேன்.

கே: புதுசா ஒரு தீவு உருவாக்கியிருக்கேன். ஊர்ப் பேரு, ஆள் பேருக்கெல்லாம் ஏதாவது ஒரு பழங்குடி மொழி அகராதியில இருந்து சவுண்ட் நல்லா இருக்கிற சொல்லா எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஓகேவா?

ப: இதே வேலையை பண்ணித்தான் முதல் வருஷமே சிக்கல் வந்துச்சு. நியூசிலாந்து பழங்குடி மக்களோட மாவோரி மொழியில இருந்தும் பக்கத்து பசிபிக் தீவுகளோட பாலினேசிய மொழிகள்ல இருந்தும் நிறைய சொல்லை எடுத்துட்டாங்க. கிராமத்து சின்ன ஆளுங்களுக்கு முதல்ல வச்ச பேரு டொஹுங்கா, மாவோரியில அது சடங்கு தெரிஞ்ச, வித்தை கத்துத்தேர்ந்த பெரியவங்களை சொல்ற மரியாதையான சொல். 2001-லயே மாவோரி மக்கள் தரப்புல இருந்து மாவூயி சாலமன்ங்கற வக்கீல் மூலமா எதிர்ப்பு போச்சு, பேசி முடிச்சு சில பேரை மாத்துனாங்க. டொஹுங்கா போய் மட்டோரன் வந்துச்சு, ஜாலாங்கற கிராமத்து ஆளு ஜாலர் ஆனான். டோவா மட்டும் அப்படியே இருந்துச்சு, அதுவும் மாவோரி சொல்தான், வீரன்னு அர்த்தம்.

கதைக்குள்ள இதை எப்படி சமாளிச்சாங்கங்கறதுதான் அழகு. பேரு வைக்கிற விழான்னு ஒண்ணு கொண்டு வந்து, துணிச்சலா செயல்பட்டவங்களுக்கு கௌரவமா புது பேரு குடுத்த மாதிரி எழுதிட்டாங்க. நீங்க பேரை நீங்களே உருவாக்குங்க. வீட்ல சின்னக் குழந்தை இருந்தா கேளுங்க, அரைமணி நேரத்துல நாப்பது பேரு குடுக்கும், ஒரு அகராதியிலயும் இருக்காது.

கே: அடுத்தவன் உருவாக்கின பாத்திரத்தை எடுத்து கதை எழுதுறது திருட்டு இல்லையா? நாளைக்கு கம்பெனிக்காரன் கேஸ் போட்டா நீங்க வருவீங்களா? – ஓய்வு பெற்ற ஆசிரியர்

ப: ஐயா, வணக்கம். பொன்னியின் செல்வன் முடிஞ்ச விதம் பத்தாதுன்னு எத்தனை பேரு ஏங்குனாங்கன்னு உங்களுக்கு தெரியாததா, விக்கிரமன் அதோட தொடர்ச்சியா நந்திபுரத்து நாயகி எழுதலையா? அதை யாரும் திருட்டுன்னு சொல்லல. ஆனா அதுல வர்ற பாதிப் பேரு சரித்திரத்துல வாழ்ந்தவங்க, தஹுவும் காலியும் அப்படி இல்லங்கறதால சட்டப்படி உங்க கேள்வி நியாயமானதுதான். பாத்திரம், பேரு, முகமூடி வடிவம் எல்லாம் கம்பெனிக்கு சொந்தம், அதை வச்சு புதுசா ஒண்ணு உருவாக்குற உரிமையும் அவங்களோடதுதான். காசு வாங்காம ரசிகன் ரசிகனுக்காக எழுதுறதை பெரும்பாலும் கண்டுக்காம விடுறாங்க, அவ்வளவுதான். லெகோ இதுக்குன்னே ஃபேர் ப்ளேன்னு ஒரு விதித்தொகுப்பு போட்டிருக்கு, அவங்க லோகோவை எடுத்து போடக்கூடாது, இதுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லன்னு தெளிவா எழுதிடணும்ங்கற மாதிரி. நம்ம போட்டியில அந்த வரி முதல் பக்கத்துலயே இருக்கணும், பரிசுக்கு பணம் கிடையாது, கதைகளை தொகுத்து விக்கப்போறதும் இல்ல. தனியா புத்தகம் போட்டு விக்கணும்னு யாருக்காவது ஆசை இருந்தா பேரு, முகமூடி, தீவு எல்லாத்தையும் உருவிட்டு மிச்சம் ஒரு கதை நிக்குதான்னு பாருங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன் ஐயா. இந்த விஷயத்துல கம்பெனியே ரசிகர்களுக்கு கதவை திறந்து வச்சிருந்துச்சு, போட்டி வச்சு ரசிகர்கள் கட்டின உருவங்களை அதிகாரப்பூர்வ கதைக்குள்ளயே சேர்த்தாங்க. பொம்மை நின்னதுக்கு அப்புறம் ஃபார்ஷ்டி தொடர்ந்து எழுதிக்கிட்டு இருந்த சில தொடர்கள் 2011-ல பாதியிலயே நின்னு போச்சு. கொலை செஞ்சது யாரு, காணாம போனவன் எங்கன்னு கேள்வி எல்லாம் தொங்கிக்கிட்டு இருக்கு. அதை இப்ப யாரு முடிக்கிறது, ரசிகர்கள்தானே முடிக்கணும்.

கே: போன தடவை என் கதை தோத்துப் போச்சு. ஜெயிச்ச கதையை படிச்சேன், ஒரு சண்டை கூட இல்ல, ஒரு பொம்மை ரொம்ப வருஷமா கையை தூக்கிக்கிட்டே நிக்குதாம், அவ்வளவுதான். என் கதையில மூணு போர்க்களம் இருந்துச்சு. என்ன நியாயம் இது? – கொதிச்சுப் போனவன்

ப: கொதிக்காதீங்க, உங்க மூணு போர்க்களத்தையும் படிச்சேன், ரெண்டாவது நல்லாவே இருந்துச்சு. அந்த ஜெயிச்ச கதை எப்படி வந்துச்சுன்னு எழுதுனவங்க பின்னாடி சொன்னாங்க. பழைய பொம்மை, தோள்ல இருக்கிற உருண்டையும் அது மாட்டுற குழியும் வருஷக்கணக்கா இறுக்கமா இருந்து இருந்து குழியோட ஓரத்துல மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல். கையை கீழ இறக்குனா படக்குன்னு போயிடும். அதனால அவங்க இறக்கவே இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு சாயங்காலம் விளையாட்டை பாதியில விட்டுட்டு எழுந்து போனப்ப எப்படி கையை ஓங்கி வச்சிருந்துச்சோ அப்படியே அலமாரியில நிக்குது. கதையில அந்த டோவா யாரை அடிக்க கையை ஓங்கினான்னே மறந்துட்டான், ஆனா இறக்குனா உடைஞ்சு போவோம்னு மட்டும் தெரியும், எதிர்ல வர்றவங்க எல்லாம் அவன் தங்களை மிரட்டுறதா நினைச்சுக்கிட்டு ஒதுங்கி போறாங்க, ஒரு சின்ன மட்டோரன் மட்டும் வந்து அந்த கைக்கு அடியில நிழலுக்கு உக்காருறான். மூணு நடுவர்கள்ல ரெண்டு பேரு கண்ணை துடைச்சோம், மூணாவது ஆளு ஜலதோஷம்னு சொல்லிட்டார்.

சண்டை வேண்டாம்னு சொல்லல. உங்க ரெண்டாவது போர்க்களத்துல போஹாட்டு எதிரியை உதைக்க போய் தன் காலே கழண்டு பறக்குது பாருங்க, அதை எழுதும்போது நீங்க சிரிச்சிருப்பீங்க, நிஜமாவே உங்க பொம்மைக்கு நடந்திருக்கணும். மத்த ரெண்டையும் தூக்கிட்டு அதை மட்டும் அனுப்புங்க.

ஆங், அதே மாதிரி மூட்டு விரிசலுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் நாலு பேரு கேட்டிருந்தீங்க. பசை போடாதீங்க, உள்ள இறங்கி மூட்டே ஆடாம ஒட்டிக்கும். கழட்டி கழட்டி மாட்டாதீங்க, வெயில் படுற ஜன்னல் பக்கம் வைக்காதீங்க, வெள்ளை பாகம் மஞ்சளா போறதுக்கும் அந்த வெயில் ஒரு காரணம்.

கே: எல்லாருக்கும் புத்தி சொல்றீங்களே, உங்க ஒனுவா இப்ப எங்க? ஸ்டேப்ளரை ஜெயிச்சானா இல்லையா? – சும்மா கேக்குறேன்

ப: என் மேஜை மேலதான் நிக்குறான், வந்த கதைக் கட்டு பறக்காம அது மேல. பின்பக்கம் இருக்கிற பல்சக்கரத்தை திருப்பினா இன்னும் கை ஆடுது, கொஞ்சம் கரகரன்னு சத்தம். ஸ்டேப்ளர் அப்பாவோட ரிட்டயர்மென்ட்ல ஆபீஸ் சாமானோட போயிடுச்சு, அதனால அந்த சண்டை முடியல. மத்த அஞ்சு பேரை இப்ப தேடி வாங்கலாம்தான், ரெண்டு மூணு தடவை விலை கூட பார்த்தேன். வாங்கல. அவனுக்கு ஸ்கெட்ச் பேனாவைத்தான் தஹுன்னு தெரியும்.